கெட்ட செய்தி முதலில் வரட்டும்

ஹெலிகாப்டரின் கியர் பெட்டிக்குள், எண்ணெய் ஓடும் வழியில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு காந்தச் செருகி இருக்கும். சிப் டிடெக்டர் என்போம். உள்ளே ஏதாவது ஒரு பல்சக்கரமோ பேரிங்கோ தேய ஆரம்பித்தால், உதிரும் இரும்புத் துகள்கள் எண்ணெயோடு வந்து அந்தக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். போதிய அளவு சேர்ந்ததும் விமானிக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும். அவர் தரையிறக்குவார். நாங்கள் செருகியைக் கழற்றி, ஒட்டியிருப்பதை வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்ப்போம். பஞ்சு மாதிரி மெல்லிய சாம்பல் நிறப் படிவு என்றால் அது வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக, ஓரம் மின்னிக்கொண்டு, இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று உறுத்தினால், உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது. அந்தக் கியர் பெட்டி அதற்கு மேல் பறக்காது.

சிங்கப்பூர் ஆகாயப்படையில் பொறியாளராகச் சேர்ந்து, பெரும்பாலும் ஹெலிகாப்டர்களோடு இருந்து, பிறகு பராமரிப்புப் பிரிவுகளுக்குப் பொறுப்பேற்று ஓய்வு பெற்றவள் நான். “பெண்ணா இருந்து எப்படிச் சமாளிச்சீங்க?” என்று இளம்பெண்கள் கேட்கும்போது, நான் அந்தக் காந்தத்தில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். என் வேலையின் மையம் அதுதான். துகள் சின்னதாக இருக்கும்போதே அது யார் கண்ணிலாவது படவேண்டும். பட்டவர் உடனே வாயைத் திறக்கவேண்டும். திறந்த வாய்க்குத் தண்டனை கிடைக்கக் கூடாது. பெண்ணாக இருந்ததால் வந்த சிரமங்களில் பாதிக்கு மேல், இந்த மூன்றையும் நடக்க வைத்ததில் கரைந்து போயின என்றே நினைக்கிறேன்.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ்காரர்கள் தளங்களைக் காலி செய்யப் போகிறோம் என்று 1968இல் அறிவித்தபோது, அந்தத் தளங்களை நம்பித்தான் சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தின் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பக்கத்துத் தமிழ், மலையாளக் குடும்பங்களுக்கு அது புள்ளிவிவரம் அல்ல, அடுத்த மாத அரிசி. அதே ஆண்டில் கடற்படையின் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியது. அப்பா பின்னால் அங்கே ஃபிட்டராகச் சேர்ந்தார். இன்னொரு பக்கம், அதே 1968இல்தான் சிங்கப்பூர் வான் தற்காப்புத் தளபத்தியம் தொடங்கப்பட்டது. 1975இல் அது சிங்கப்பூர் ஆகாயப்படை என்று பெயர் மாறியது. ஆக, எங்கள் வீட்டுக் கதையும் நான் சேர்ந்த படையின் கதையும் ஒரே ஆண்டில் திரும்பியவை.

அப்பாவிடம் ஒரு ஃபீலர் கேஜ் இருந்தது, நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் கருவி. வெவ்வேறு தடிமனில் மெல்லிய எஃகு இலைகள் விசிறி மாதிரி விரியும். ஈசூன் வீட்டில் என் சைக்கிளைப் பழுது பார்க்கும்போதுகூட அதை எடுப்பார். “கண்ணால பாத்துச் சொல்லாதம்மா, அளந்து சொல்லு” என்பார். பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, படையில் சேர்ந்து, விபத்து அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரிந்தது. 1990 ஜூனில் பிரிட்டனில் ஒரு பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார். காரணம், அதற்கு முன் ஓர் இரவு ஷிஃப்டில் கண்ணாடியை மாட்டியவர் பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கண் மட்டத்தில் புதிய போல்ட்டுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவான வித்தியாசத்தில் சிறியவை. அவர் சோம்பேறி அல்ல, அனுபவசாலி. இரவு நேரம், அவசரம், நம்பிக்கை. மூன்றும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு குழுவுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, இரண்டு போல்ட்டுகளைக் கையில் கொடுத்து எது சரியான அளவு என்று கேட்பேன். யாரும் அளவுகோலைத் தேடாமல் பதில் சொன்னால், பாடம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

நான் சேர்ந்த 1990களின் கடைசியில் சீருடையில் பெண்கள் புதுமை அல்ல. 1979இலேயே கோ சாய் ஹோங் விமானியாகத் தேர்ச்சி பெற்றிருந்தார். 1993இல் பெண்களுக்கான ஆயுதப்படை உபகாரச் சம்பளம் வந்தது. அதை முதலில் பெற்றவர்களில் ஒருவரான கான் சியாவ் ஹுவாங் 2015இல் சிங்கப்பூர் ஆயுதப்படையின் முதல் பெண் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். அவர் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர்; இருந்தாலும் அந்தச் செய்தி வந்த நாளில் விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையான எங்கள் ஹேங்கரிலும் ஒரு உற்சாகம் இருந்தது. ஆனால் விமானியின் படம் நாளிதழில் வரும், பொறியாளரின் படம் வராது. என் சித்தி பல வருடங்கள் நான் விமானம் ஓட்டுகிறேன் என்றே உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஓட்டல சித்தி, ஓட்டலாம்னு கையெழுத்துப் போடுறேன்” என்று விளக்கிய பிறகு, அவர் யோசித்துவிட்டு, “அப்ப நீ போடலன்னா?” என்று கேட்டார். “பறக்காது.” அன்றோடு என் வேலை என்னவென்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

திருமணத்துக்குப் பிறகு தாலி ஒரு பெரிய விஷயமாக வந்தது. ஹேங்கரிலும் ஓடுபாதை ஓரத்திலும் மோதிரம், சங்கிலி, வளையல் எதுவும் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. சுழலும் பாகத்தில் சங்கிலி மாட்டினால் கழுத்தோடு இழுக்கும். மோதிரம் ஒரு விளிம்பில் சிக்கிய நிலையில் குதித்தால் விரல் தோல் உறை மாதிரி உரிந்து வரும். உலோகச் சங்கிலி மின்கலத்தின் இரண்டு முனைகளைத் தொட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். அறுந்து விழுந்த ஒரு மணி என்ஜினுக்குள் போனாலும் போதும். இவை எனக்குத் தெரியும். என் மாமியாருக்கு எப்படித் தெரியும்? தினமும் காலையில் மருமகள் தாலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு பதறியது. அது நியாயமான பதற்றம். நான் வாதாடவில்லை. படைத்தளத்தின் பொது நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போய், நிறுத்தி வைத்திருந்த ஹெலிகாப்டரின் பக்கத்தில் நிற்க வைத்து, எங்கே கை விடுவோம், எங்கே தலையை நுழைப்போம் என்று காட்டினேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. அடுத்த நாள் காலை அவரே ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தைப் பூஜை மாடத்தில் வைத்து, “இதுல வச்சிட்டுப் போம்மா, வந்ததும் நானே எடுத்துத் தர்றேன்” என்றார். மெட்டி மட்டும் பூட்ஸுக்குள் பத்திரமாக இருந்தது, அதை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் குடும்பங்களில் பல பெண்கள் இந்த மாதிரி ஒரு இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். வீட்டில் சொல்லாமல் மறைப்பது, அல்லது வேலையை விடுவது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு: காரணத்தைக் கண்ணால் பார்க்க வைப்பது. பெரியவர்களை வேலையிடத்துக்குக் கூட்டிப் போக ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

ஹேங்கருக்குள் என் முதல் ஆசான் ஒரு வாரண்ட் அதிகாரி. சிங்கப்பூர்ப் படையில் அவர்களை மலாயில் ‘என்சிக்’ என்று அழைப்போம். பதவியில் நான் மேலே; அனுபவத்தில் அவர் நான் பிறப்பதற்கு முன்பே ஸ்பானர் பிடித்தவர். புது அதிகாரிகள் வழக்கமாக அலுவலகத்தில் உட்கார்ந்து அவரை வரச்சொல்லி அறிக்கை கேட்பார்கள். நான் அவரிடம், “என்சிக், என்னை இரவு ஷிஃப்டில் போடுங்கள்” என்று கேட்டேன். பகலில் விமானம் பறக்கும். கனமான வேலைகள் இரவில்தான் நடக்கும், காலைக்குள் முடிந்தாக வேண்டும். ஒரு பிரிவு உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை இரவு இரண்டு மணிக்கு, எல்லாருக்கும் கண் எரியும்போதுதான் பார்க்க முடியும். போல்ட் தளராமல் பிடிக்கும் பூட்டுக் கம்பியை முறுக்கும்போது அது போல்ட்டை இறுக்கும் திசையில் இழுக்கிறதா என்று பார்ப்பது, பெயின்ட்டின் மேல் விரல் நுனியை ஓட்டி அடியில் துரு கிளம்பிய குமிழைக் கண்டுபிடிப்பது, எண்ணெயின் வாசனையில் கருகல் இருக்கிறதா என்று முகர்வது எல்லாம் அவர் சொல்லித் தந்தவை. எந்தக் கையேட்டிலும் அவை அந்த வரிசையில் இல்லை.

அவரிடம் கற்ற இன்னொன்று: ஒரு வேலையின் நடுவில் யாராவது கூப்பிட்டால், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. மூன்று படி பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும். கை ஞாபகம் வைத்திருப்பதாக நினைக்கும், ஆனால் வைத்திருக்காது. ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை அலுவலக மேசையில் ஒப்படைக்கக் கூடாது. இரண்டு பேரும் ஹெலிகாப்டரின் பக்கத்தில் போய் நின்று, திறந்திருக்கும் ஒவ்வொரு மூடியையும் தொட்டுக் காட்டிப் பேசிவிட்டு, அப்புறம் எழுத வேண்டும். இந்த இரண்டு பழக்கத்தையும் எந்தத் துறையில் இருப்பவரும் நாளைக்கே தொடங்கலாம். மருத்துவமனைத் தாதியாக இருக்கும் என் தங்கை செய்கிறாள்.

கருவி காணாமல் போன இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தத் தளம், எந்தப் பிரிவு என்பது இங்கே முக்கியமில்லை. எங்கள் கருவிப் பெட்டிகளில் ஒவ்வொரு கருவிக்கும் நுரைத் தட்டில் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், எது இல்லை என்பது தெரிந்துவிடும். அன்று ஷிஃப்ட் முடியும் நேரம். மறுநாள் விடியலில் பெரிய பயிற்சி. ஒரு இளம் தொழில்நுட்பர், தமிழ்ப் பையன், என் அறைக்கதவைத் தட்டினான். வேலையில் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம், என்னை ‘மேம்’ என்பான். அன்று உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத் தமிழில், “அக்கா, ஒண்ணு சொல்லணும். பத்து மில்லி சாக்கெட் காணோம்” என்றான். முகம் வெளுத்திருந்தது.

பத்து மில்லி சாக்கெட் என்பது போல்ட்டைத் திருகும் கருவியின் முனையில் மாட்டும் துண்டு, விரல் நுனி அளவு. ஆனால் அது ஹெலிகாப்டருக்குள் எங்கே கிடக்கிறது என்று தெரியாதவரை அந்த ஹெலிகாப்டர் பறக்க முடியாது. சினூக் மாதிரி ஒன்றில் முன்னும் பின்னுமாக இரண்டு சுழலிகள், அவற்றின் இறக்கைகள் ஒன்றின் இடைவெளியில் ஒன்று நுழைந்து சுற்றும். அந்த ஒழுங்கைக் காப்பாற்றுவது முதுகு நெடுக ஓடும் ஒரு தண்டு. அதன் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்க விரும்பமாட்டார்கள். அவன் அன்று கைவைத்த ஹெலிகாப்டர்கள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். விடியற்காலைப் பயிற்சி தள்ளிப்போகும். அவன் சொல்லாமலே பெட்டியை மூடியிருக்கலாம். அடுத்த ஷிஃப்ட்காரன் தலையில் விழுந்திருக்கும்.

அந்த நேரத்தில் ஒரு அதிகாரியின் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம்தான் அடுத்த பத்து வருடத்துக்கு அந்தப் பிரிவின் விதியைத் தீர்மானிக்கும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. “எப்படித் தொலைச்சே?” என்று கேட்டால், நாளைக்கு எவனும் கதவைத் தட்டமாட்டான். நான், “நல்லவேளை சொன்னே. கடைசியா எந்த மூடியைச் சாத்தினே?” என்று கேட்டேன். இருவரும் நடந்துபோய் அவன் செய்த வேலைகளைப் பின்னாலிருந்து முன்னாகத் திரும்ப நடித்துப் பார்த்தோம். என்சிக் ஆட்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் தேடிய இடத்தை இன்னொருவர் மறுபடி தேட வேண்டும். டார்ச்சும் நீளக் கைப்பிடிக் கண்ணாடியும் இடுக்குகளுக்குள் நுழைத்துப் பார்க்கும் போரோஸ்கோப்பும் வெளியே வந்தன. மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. “பயிற்சி தள்ளிப்போகிறது, நிறுத்தியது நான், கிடைத்ததும் நானே சொல்கிறேன்” என்றேன். அந்த அழைப்பைப் பையன் காதில் விழும்படிதான் பேசினேன், வேண்டுமென்றே.

நள்ளிரவு தாண்டி, முதுகுப் பக்கத்து மூடிக்கு அடியில், ஒரு குழாய்க் கவ்விக்கும் சட்டத்துக்கும் நடுவில் அது செருகிக்கொண்டிருந்தது. பார்த்தவர் கத்தவில்லை, கையை மட்டும் தூக்கினார். மறுநாள் காலை அணிவகுப்பில், அவனிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுவிட்டு, நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன். பாராட்டு அவன் சொன்னதற்கு. அதோடு நிறுத்தவில்லை. கருவிகளை ஷிஃப்ட் முடிவில் எண்ணுவது மட்டும் போதாது, ஒவ்வொரு மூடியையும் சாத்துவதற்கு முன்னால் எண்ண வேண்டும் என்று நடைமுறையை மாற்றினோம். பாராட்டிவிட்டு முறையை மாற்றாமல் விட்டால் அடுத்த மாதம் இன்னொரு சாக்கெட். முறையை மாற்றிவிட்டு ஆளைத் திட்டினால் அடுத்த மாதம் யாரும் சொல்லமாட்டார்கள்.

சொல்லாமல் விடுவதன் விலையை எனக்கு மிகவும் உறைக்க வைத்த சம்பவம் 1988 ஏப்ரலில் ஹவாயில் நடந்தது. தீவுகளுக்கு இடையே ஓயாமல் ஏறி இறங்கிய ஒரு போயிங் 737. வயது 19, ஏறி இறங்கிய தடவைகள் ஏறத்தாழ 90,000. உப்புக் காற்றில் இணைப்புகள் அரித்து, நடுவானில் முன்பகுதிக் கூரை கழன்று பறந்தது. ஒரு விமானப் பணிப்பெண் இறந்தார். விமானம் எப்படியோ தரையிறங்கியது. விசாரணையில் ஒரு பயணி சொன்னார்: ஏறும்போது கதவுக்குப் பக்கத்தில் ஒரு விரிசலைப் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் துளி கோபமும் இல்லை. ‘இவர்களுக்குத் தெரியாதா என்ன’ என்று நினைத்திருப்பார். ஹேங்கருக்கு வரும் தேசிய சேவை இளைஞர்களும் அதையேதான் நினைப்பார்கள். அதனால் புதிதாக வந்தவர்களை முதல் வாரத்திலேயே ஒரு ஹெலிகாப்டரைச் சுற்றி வரச்சொல்லி, “உங்கள் கண்ணுக்கு விசித்திரமாகப் படுவது எதுவானாலும் சொல்லுங்கள்” என்பேன். பத்தில் ஒன்பது ஒன்றுமில்லாதது. அந்த ஒன்பதுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டும், சலிக்காமல். நம் ஊரும் உப்புக் காற்றுத் தீவுதான்.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை. அம்மா தொலைக்காட்சியில் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் பார்த்து அழுதுகொண்டிருந்தார். எங்கள் தூரத்து உறவினர்கள் அந்தப் பக்கம். எனக்கு உத்தரவு வந்தது இந்தோனேசியாவுக்கு. சிங்கப்பூர் தன் சினூக், சூப்பர் பூமா ஹெலிகாப்டர்களையும் தரையிறங்கு கப்பல்களையும் ஆச்சேக்கு அனுப்பியது. மேற்குக் கரையில் மெலாபோ நகரம் சாலை வழியாகத் துண்டிக்கப்பட்டிருந்தது. கடலும் ஆகாயமும்தான் வழி. “அங்க போறவ இங்க போகக் கூடாதா” என்று அம்மா கேட்டார். பதில் இல்லை. கிளம்பும்போது ஈசூன் முருகன் கோயில் விபூதியைச் சீருடைப் பையில் வைத்துவிட்டார்.

அங்கே நான் பார்த்ததை எல்லாம் எழுத எனக்கு மனம் வராது. வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடல்மேல் பறந்த என்ஜினை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், இல்லையென்றால் உப்பு உள்ளே படிந்து விசிறித் தகடுகளை அரிக்கும். அந்த இடத்தில் நல்ல தண்ணீர் என்பது எத்தனை பேருக்குக் குடிநீர் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் கழுவாத என்ஜின் நாளைக்கு அரிசி மூட்டை தூக்காது. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் தண்ணீரை எடுத்தோம். ஒரு பிற்பகல், மூட்டைகள் ஏற்றித் தயாராக இருந்த ஒரு ஹெலிகாப்டரில் சிப் விளக்கு எரிந்தது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். செருகியைக் கழற்றி, துடைத்துப் பார்த்து, கையேட்டு அளவோடு ஒப்பிட்டு, மறுபடி மாட்டி, தரையிலேயே என்ஜினை ஓடவிட்டு, மறுபடி கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன் என்றேன். அதற்கு ஆகிற நேரம் ஆனது. அது வழக்கமான தேய்மானப் படிவுதான். ஹெலிகாப்டர் போனது. ‘ஒன்றுமில்லாததற்கு நிறுத்திவிட்டாயே’ என்று விமானி சொல்லவில்லை. தோளில் தட்டிவிட்டு ஏறினார். ஒன்றுமில்லை என்பது பார்த்த பிறகுதான் ஒன்றுமில்லை.

களைப்பைப் பற்றியும் அங்கேதான் புரிந்துகொண்டேன். துன்பத்தின் நடுவில் நிற்கும் நல்ல மனிதர்கள் தூங்க மறுப்பார்கள். “இன்னும் ஒரு வேலை முடிச்சிடுறேன்” என்பார்கள். அவர்களிடம் கெஞ்சக் கூடாது, உத்தரவாகச் சொல்ல வேண்டும். களைத்தவர் கையெழுத்துப் போடக் கூடாது, அவ்வளவுதான். 1993இல் கனடாவில் கோர்டன் டுபாண்ட் என்பவர் பராமரிப்புப் பிழைகளுக்கு வழிவிடும் 12 காரணங்களைத் தொகுத்தார். களைப்பு, கவனச்சிதறல், நேர நெருக்கடி, துணிந்து பேசாமை எல்லாம் அதில் இருக்கின்றன. இன்றும் உலகம் முழுக்க ஹேங்கர் சுவர்களில் அந்தப் பட்டியல் தொங்குகிறது. என் அனுபவத்தில் ‘துணிந்து பேசாமை’தான் மற்றப் பதினொன்றுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. களைத்தவன் களைப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பாதி ஆபத்து அங்கேயே முடிந்தது.

பெண் என்பதால் என்னைத் தாண்டிப் பேசியவர்கள் இருந்தார்கள். ஒரு வெளிநிறுவனத்தின் மூத்த பொறியாளர், கூட்டம் முழுக்க என் கேள்விகளுக்கான பதிலை என் பக்கத்தில் இருந்த இளைய ஆண் அதிகாரியைப் பார்த்தே சொன்னார். அதை அந்த இடத்தில் பேசிச் சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் இளைய அதிகாரிதான் அழகாகச் செய்தார்: “இந்த முடிவு மேமுடையது, அவரிடம் சொல்லுங்கள்” என்று கேள்வியைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அந்தப் பொறியாளருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு, என் கீழ் வேலை செய்த எல்லாருக்கும் இதைக் கற்றுக்கொடுத்தேன்: உனக்கு உரியது அல்லாத கேள்வி உன்னிடம் வந்தால், பதில் தெரிந்தாலும் சொல்லாதே, உரியவரிடம் திருப்பு. இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன். உங்கள் ஒரு வாக்கியம் எங்களுக்குப் பல மாத உழைப்பை மிச்சம் பிடிக்கும்.

கர்ப்பமானதும் தாமதிக்காமல் சொல்லிவிட்டேன். எரிபொருள் ஆவியும் கரைப்பான்களும் புழங்கும் இடத்தில் அந்தச் செய்தியைத் தள்ளிப்போடக் கூடாது. என்னைத் திட்டமிடல் மேசைக்கு மாற்றினார்கள். ஒதுக்கிவிட்டார்கள் என்று அதை எடுத்துக்கொள்ளாதது நல்லதாயிற்று. உதிரிபாகம் எத்தனை மாதம் முன்னால் கேட்க வேண்டும், எந்தப் பாகம் எத்தனை மணி நேரப் பறப்பில் மாற்றப்படும், எது எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் கைவந்தன. பிற்காலத்தில் ஒரு பிரிவையே நடத்தும்போது அந்த மேசை அனுபவம்தான் அதிகம் உதவியது.

வெளிநாட்டுப் பணி வேறு விஷயம். 730 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய நாட்டில் பறந்து பழக ஆகாயம் போதாது. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் ஓக்கி, பியர்ஸ், பிரான்சின் காஸோ, அமெரிக்காவின் ஐடஹோ என்று நம் பிரிவுகள் போய்த் தங்குகின்றன. எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தபோது கணவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக் கூடவே வந்தார். எல்லாருக்கும் அது முடியாது. ஆனால் இந்தப் பேச்சைத் திருமணத்துக்கு முன்னால் பேசிவிடுங்கள். அழைப்பு வந்த பிறகு பேச ஆரம்பித்தால் இருவரும் காயப்படுவீர்கள்.

மேலே போகப் போக ஹெலிகாப்டர் தூரமாகிவிடும், எண்கள் பக்கத்தில் வந்துவிடும். இன்று எத்தனை பறக்கத் தயார், எத்தனை பழுது என்று காலையில் ஒரு பலகை வரும். பச்சை அதிகமாக இருந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஒரு வாரம் தொடர்ந்து பலகை பச்சையாகவே இருந்து, யாரும் எந்தப் பிரச்சினையையும் கொண்டுவரவில்லை என்றால், நான் கூட்டங்களை ஒத்திவைத்துவிட்டு ஹேங்கருக்கு இறங்கிவிடுவேன். ‘கேட் ஒன்’ என்று மின்னல் எச்சரிக்கை வந்து வெளிவேலை நின்றிருக்கும் நேரம் அதற்கு மிகவும் தோதானது. மழை கொட்டும், யாரும் எங்கும் போக முடியாது, கையில் காப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது வரும் பேச்சில்தான் “மேம், அந்த டெஸ்ட் பெட்டி கொஞ்ச நாளாவே சரியில்ல” என்பது மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். நம் ஊரில் இடிமழைக்குப் பஞ்சமா என்ன.

2010இல் ராணுவ நிபுணர் சேவைத் திட்டம் வந்து, பொறியாளரும் தொழில்நுட்பரும் ஒரே ஏணியில் வந்தது எனக்கு மனநிறைவான மாற்றம். ஆழமான தொழில் அறிவுக்கென்றே ஒரு பாதை வந்தது. கைத்தொழில் தெரிந்தவரின் சொல்லுக்குச் சட்டைத் தோளிலும் ஒரு எடை கிடைத்தால், அவர் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும்போது குரல் நடுங்காது.

இப்போது படிக்கிற பெண்களுக்கு வழிகள் நிறைய இருக்கின்றன. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் விமானத் தொழில்நுட்பப் படிப்புகள் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானூர்தி, விண்வெளிப் பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. படைதான் வேண்டும் என்பதில்லை. சிலேத்தாரில் என்ஜின்களைப் பூட்டுகிற ஆலைகள் இருக்கின்றன, சாங்கியில் பராமரிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. கணிதமும் இயற்பியலும் திடமாக இருக்கட்டும். கையால் ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள், தையல் இயந்திரமானாலும் சரி. பொறியாளராகச் சேர்ந்தாலும் முதல் ஓராண்டை ஹேங்கர் தரையில் கழிக்கக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் இரவு ஷிஃப்டையாவது கேளுங்கள்.

நேர்முகத் தேர்வின் கடைசியில், “உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா” என்பார்கள். அப்போது இதைக் கேளுங்கள்: இங்கே கடைசியாக ஒரு தொழில்நுட்பர் வேலையை நிறுத்தச் சொன்னது எப்போது, அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது? நல்ல இடமாக இருந்தால் உடனே ஒரு கதை சொல்வார்கள், சில சமயம் பெருமையாகவே சொல்வார்கள். பதில் வரத் திணறினால், இன்னொரு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.